கிலிஃபி பார்த்த பாதிப் படங்கள்

எங்கள் ஊரில் சினிமாப் படத்தின் முடிவில் யாரும் செத்ததே கிடையாது. போருக்குப் போனவன் திரும்பி வந்துவிடுவான். கண் போனவளுக்குக் கண் வந்துவிடும். கோர்ட்டு வரைக்கும் போன அப்பனும் மகனும் கடைசியில் ஒரே பன்றியை ஆளுக்கொரு பக்கம் பிய்த்துத் தின்பார்கள். தென்கடலிலுள்ள எங்கள் வவாவு தீவின் மற்ற ஊர்களில் அதே படத்தைப் பார்த்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். நாங்கள் மட்டும் சிரித்துக்கொண்டே போனோம். அதற்குக் காரணம் கிலிஃபி.

கிலிஃபிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. தொழில் வனிலா. அந்தக் கொடி பூத்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பூவாக விரித்து, சீவின குச்சியால் ஆணையும் பெண்ணையும் சேர்த்துவைக்க வேண்டும். மதியத்துக்குள் செய்யாவிட்டால் பூ வாடி விழுந்துவிடும். "காலையில எந்திரிச்சா ஆயிரம் கல்யாணம் பண்ணி வைக்கிறேன். பாதிரியார் வருசத்துக்கு ரெண்டு பண்ணிட்டு என்னமா வேர்க்கிறாரு பாரு!" என்பார். பாதிரியாரிடமே சொல்வார்.

சனிக்கிழமை மதியம் சிதாலெகி வீட்டில் படம். ஊரில் டிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேட்டரும் அவனிடம்தான் இருந்தன. நெயாஃபு டவுன் கடையிலிருந்து கேசட் எடுத்து வருவான். ஜன்னலையெல்லாம் மரப்பட்டைத் துணியால் மூடுவான். பெண்கள் முன்னால் பாயில், ஆண்கள் பின்னால் வாசலோரம். கேசட்டைத் திருப்பிச் சுற்றினால் மெஷின் தேய்ந்துபோகும் என்பது சிதாலெகியின் உறுதியான எண்ணம். போன வாடிக்கைக்காரன் எங்கே நிறுத்தினானோ அங்கிருந்துதான் எங்களுக்குப் படம் ஆரம்பம். ஆரம்பமே இல்லாத படங்களாகப் பார்த்துப் பழகிவிட்டோம்.

பொழுது சாய்ந்ததும், வேரை இடித்துக் கரைத்த காவா குடிக்கிற வீடு. பாயில் வட்டமாக உட்கார்ந்து, கொட்டாங்குச்சியில் முதல் சுற்று வந்து, கை தட்டிக் குடித்து முடித்ததும் எல்லார் கண்ணும் கிலிஃபி மேல் திரும்பும். பாதிப் பேருக்கு இங்கிலீஷ் புரியாது, மீதிப் பேர் படத்தில் தூங்கியிருப்பார்கள். அதனால் படம் என்னவென்று கிலிஃபி சொன்னால்தான் உண்டு. சொல்வதோடு விடமாட்டார், தீர்ப்பும் கொடுப்பார்.

"அந்தப் பியானோக்காரி படம் இருக்கே, நல்ல படம்தான். ஆனா ஒரு தப்பு. கண்ணு மங்கிட்டே வருது, பாவம், அவ்ளோ பெரிய வீட்ல தனியா உக்காந்து வாசிக்கிறா. சொந்தக்காரன் எல்லாம் எங்கடா தொலைஞ்சான்? அத்தை இல்ல, சித்தி இல்ல, பக்கத்து வீட்டுக்காரிகூட இல்ல. கண்ணு போனதுக்கு அழணுமா, இதுக்கு அழணுமா?"

"டாக்டரு இருந்தானே!" என்று ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார்.

"இருந்தான். ஆபரேசன் பண்ணினான். கட்டப் பிரிச்சதும் மொதல்ல அவன் மூஞ்சியத்தான் பாத்தா. அவன் மூக்கப் பாத்தீங்கல்ல? இந்த மூக்கோடயா இவ்ளோ நாளா பேசிட்டிருந்தேன்னு ஒரு நிமிசம் யோசிச்சா. அப்புறம், குரல் நல்லாத்தான இருக்குன்னு கட்டிக்கிட்டா."

இன்னொரு படம், நிலத்துக்காக அப்பனும் மகனும் வழக்காடுவது. "ரெண்டு மணி நேரத்துல ஒருதரமாவது ரெண்டு பேரும் சேந்து சாப்ட்டாங்களா? சாப்பாடு மேசைக்கு வருது, ஒருத்தன் நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போயிடறான். தட்டு நெறைய கறி! அத யாரு தின்னான்னு கடைசி வரைக்கும் காட்டல. ஆத்தாக்காரி சாவுக்கு ஆறு பேரு வந்தாங்க, ஆறே பேரு! குடைய விரிச்சுட்டு நின்னுட்டு அப்படியே வீட்டுக்குப் போயிட்டாங்க. அடுப்பே மூட்டல. சாவு மொறைக்கு ஒரு பாய் கொண்டாரல. அப்படிப்பட்ட குடும்பம் கோர்ட்டுக்குப் போகாம எங்க போகும்?"

இப்போது உள் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கிலிஃபி எந்தப் படத்தையும் முடிவு வரை பார்த்ததில்லை.

காரணம் அவருடைய அக்கா சிலியா. ஆறு வயது மூத்தவர், விதவை. மகன் ஆக்லாந்தில் இருந்தான். சிலியாவுக்குப் படம் என்றால் உயிர். முன் வரிசைப் பாயில் வலது ஓரம் அவருடைய இடம், யாரும் உட்காரமாட்டார்கள். அக்காவும் தம்பியும் இருக்கும் அறையில் திரையில் ஓர் ஆணும் பெண்ணும் நெருங்கினால் என்ன செய்வது? மற்றவர்கள் தலையைக் குனிந்து பாயில் கோரை எண்ணுவோம். சிதாலெகி தொப்பியைக் கழற்றித் திரையை மறைப்பான். கிலிஃபிக்கு அது போதாது. தொப்பி சின்னது, திரை பெரியது. ஆபத்து வருவதற்கு முன்பே எழுந்துவிடுவார். பாட்டு மெதுவானால் எழுந்துவிடுவார். விளக்கைத் தணித்தால் எழுந்துவிடுவார். ஒரு படத்தில் கதாநாயகி செருப்பைக் கழற்றினாள், இவர் வெளியே போய்விட்டார். அவள் காலில் முள் குத்தியிருந்தது, அவ்வளவுதான்.

அப்படி எழுந்துபோனவர் திரும்பி உள்ளே வந்தால், எதற்குப் போனார் என்று அக்காவுக்கு ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிவிடும். அதனால் வரமாட்டார். ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்து, உள்ளே கேட்கிற சத்தத்தை வைத்து மீதிப் படத்தை அவரே முடித்துக்கொள்வார். தினம் ஆயிரம் கல்யாணம் பண்ணுகிற கைக்கு வேறு என்ன முடிவு வரும்?

தூங்காமல் பார்த்த நாலைந்து பேருக்கு உண்மை தெரியும். பியானோக்காரிக்குக் கண் வரவே இல்லை, டாக்டர் கப்பலோடு முழுகிப்போனார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. கிலிஃபியின் முடிவு நன்றாக இருந்தது, எதற்குக் கெடுப்பானேன்?

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பா போனபோது கிலிஃபிக்குப் பதினொரு வயது. சிலியாவுக்கு தலைநகர் நுக்குஅலோஃபாவில் பெண்கள் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மூட்டை கட்டி வைத்திருந்தார். அப்பாவைப் புதைத்த மறுநாள் மூட்டையைப் பிரித்துத் தாழை ஓலையை எடுத்துக்கொண்டு, பாய் நெய்து தம்பியை வளர்க்க உட்கார்ந்தவர்தான். கிலிஃபி கல்யாணத்துக்கு எங்கள் வழக்கப்படி இடுப்பில் கட்டிய பாய் அவர் நெய்தது. கிலிஃபியின் ஐந்து பிள்ளைகளுக்கும் பேர் வைத்தது அவர். இதற்கெல்லாம் ஒரு நன்றி சொல்ல வேண்டாமா என்றால், அக்காவிடம் நேருக்கு நேர் நின்று அப்படியெல்லாம் பேசிவிட முடியாது. வருசத்தின் முதல் வள்ளிக்கிழங்கைக் கொண்டுபோய் அவர் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவார். நாற்பது வருசமாகச் சொல்லாத நன்றி வாசலில் கிழங்காகக் குவிந்தது.

அந்த டிசம்பரில் சிலியாவின் மகன் பெனிசோனி ஆக்லாந்திலிருந்து வந்தான். பஸ் ஓட்டுகிறவன், முப்பது வயது, நல்ல சதை. அம்மாவைக் கூட்டிப் போகத்தான் வந்தான். அவன் பெண்டாட்டிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. செவ்வாய்க்கிழமைக் கப்பலில் டிக்கெட். திரும்பி வருவது எப்போது என்று யாரும் கேட்கவில்லை. போனவர்கள் வந்ததில்லை என்பதால் கேட்கவில்லை.

அக்கா மகன் என்றால் தாய்மாமன் வீட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். வந்த அன்றைக்கே கிலிஃபியின் புதுத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டான். மறுநாள் கொழுத்த சேவலைப் பிடித்துக்கொண்டு போனான்.

"ஏங்க, அவன் அடுத்தது என்னைத் தூக்கிட்டுப் போனாலும் சரி சரின்னு தலையாட்டுவீங்களா?" என்றாள் கிலிஃபியின் மனைவி மெலெயானே.

"அவன் அவ்ளோ முட்டாள் இல்ல" என்றார் கிலிஃபி.

சனிக்கிழமைப் படத்துக்கு பெனிசோனி வரவில்லை, சொந்தக்காரர் வீடுகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். படம் வழக்கம்போல நடுவிலிருந்து ஆரம்பித்தது. ஒருத்தன் ஊர் ஊராக ஒரு பெண்ணைத் தேடுகிறான். அவளும் ஒரு போட்டோவை வைத்துக்கொண்டு அழுகிறாள். கடைசியில் ரயில் நிலையம். புகை. இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெட்டி கீழே விழுந்தது. ஓட ஆரம்பித்தார்கள்.

கிலிஃபியும் ஓட ஆரம்பித்தார், வெளியே. சிதாலெகி தொப்பியைத் தூக்கினான். நாங்கள் கோரை எண்ணினோம். அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டரில் டீசல் தீர்ந்து திரை கறுத்தது. அன்றைக்கு முடிவு தெரிந்தவன் எங்களில் ஒருத்தனும் இல்லை. கேசட் அன்று மாலையே நெயாஃபு கடைக்குத் திரும்பிப் போய்விட்டது.

அதனால் காவா வீட்டில் கூட்டம் அதிகம். கிலிஃபியும் ஏமாற்றவில்லை.

"ரயில நிறுத்திட்டாங்க. டிரைவரே எறங்கி வந்து வாழ்த்தினான். அங்கேயே கல்யாணம். நாலு புள்ளைங்க, மூத்தவளுக்கு அவன் ஆத்தா பேரு. என்ன ஒரு படம்! எனக்கு ஒரே ஒரு வருத்தம், இத்தன வருசம் கழிச்சுப் பாக்கிறான், ஒரு கூடை சாப்பாடு கொண்டாந்தானா அந்தப் பய?"

எல்லாரும் கை தட்டினார்கள். மூலையில் மாமாவின் தொப்பியோடு உட்கார்ந்திருந்த பெனிசோனிக்குக் குடித்த காவா புரையேறிவிட்டது.

"மாமா, எந்தப் படத்த சொல்ற? அந்த ரயில் படமா?"

"ஆமா மருமவனே."

"நான் அத ஆக்லாந்துல ரெண்டு தரம் பாத்திருக்கேன். ஐயோ மாமா! அவங்க அக்கா தம்பி! சின்ன வயசுல யுத்தத்துல பிரிஞ்சுபோன அக்கா தம்பி! நீ அவங்களுக்குக் கல்யாணம் பண்ணி நாலு புள்ள வேற குடுத்துட்டியே!"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பஸ்ஸில் அப்படிச் சிரித்திருந்தால் பயணிகளும் சேர்ந்து சிரித்திருப்பார்கள். இங்கே யாரும் சிரிக்கவில்லை. காவா ஊற்றிக்கொண்டிருந்த பெண் கொட்டாங்குச்சியை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனாள். சிதாலெகி மேற்கூரையைப் பார்த்தான். எங்கள் ஊரில் ஒரு மனுசன் வாயால் சொல்லக்கூடாத ஒன்று உண்டென்றால் அது இதுதான். அதைக் கிலிஃபி நாற்பது பேர் நடுவில், கை தட்டலோடு சொல்லி முடித்திருந்தார்.

அதே நேரம் செம்பருத்தி வேலிக்கு அந்தப் பக்கம், சிலியா வீட்டில், ஒரு தகரக் குவளை விழுந்து உருண்ட சத்தம் கேட்டது.

அக்கா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கிலிஃபி எழுந்து வீட்டுக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டுக்கு வாயைத் திறக்கவில்லை.

"ஏங்க, அக்கா கப்பலேறப் போறாங்க. போய் ஒரு வார்த்தை பேசக்கூடாதா?" என்றாள் மெலெயானே.

"என்னன்னு போய்ச் சொல்ல? முழுசாப் பாக்காமயே இத்தன வருசமாப் புளுகினேன்னா? இல்ல, அக்கா தம்பின்னு தெரியாமத்தான் கட்டி வெச்சேன்னா? எதச் சொன்னாலும் அசிங்கம். எனக்காகப் படிப்ப விட்டாங்க. கடைசியா காதுல வாங்கிட்டுப் போறது இதுவா?"

மெலெயானேவுக்குக் கிண்டல் பண்ண வாய் வராத நாள் அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை காலை. கிலிஃபி தோட்டத்தில் பூவுக்குக் குச்சி வைத்துக்கொண்டிருந்தார். பெனிசோனி வந்தான். மாமாவின் கூடையிலிருந்து வேகவைத்த சேம்பை எடுத்துக் கடித்தான். வாயில் போட்டானே தவிர மெல்லவில்லை.

"மாமா."

"ம்."

"அம்மா ரெண்டு நாளா என்னோட பேசல."

"என்னாலயா?"

"என்னால. 'மாமன ஊர் நடுவுல அவமானப்படுத்த உனக்கு உரிமை இருக்கு, அறிவு இருக்கா?'ன்னு கேட்டுட்டு மூஞ்சியத் திருப்பினாங்க. இன்னிக்குக் காலையிலதான் வாயத் திறந்தாங்க. ஒரு கேள்வி கேட்டாங்க."

"என்ன கேள்வி?"

"'அந்த ரயில் படத்துல அவங்க நெசமாவே அக்கா தம்பியா?'ன்னு. 'நீதான முன்வரிசையில உக்காந்து பாத்த?'ன்னேன். பாக்கலையாம் மாமா."

கிலிஃபி கையிலிருந்த குச்சி நின்றது.

"ஓட ஆரம்பிச்சதும் அம்மாவும் எந்திரிச்சுட்டாங்களாம். அடுப்படிக் கதவு வழியா. எப்பவும் அப்படித்தானாம். தம்பி பின்னாடி உக்காந்திருக்கான், அவன் எப்படிப் பாப்பான்னு, பாட்டு மெதுவானா எந்திரிச்சு சிதாலெகி வீட்டுச் சேம்பு உரிக்கப் போயிடுவாங்களாம். ஒரு படம்கூட முழுசாப் பாத்ததில்ல. சாயந்திரம் வேலியோரம் உக்காந்து நீ சொல்றதக் கேட்டாத்தான் அவங்களுக்குப் படம் முடியுமாம். 'என் தம்பி முழுசாப் பாத்துட்டு வந்து சொல்றான்'னு நெனச்சிட்டிருந்தாங்க."

கிலிஃபி மெதுவாகக் கொடிக்கு அடியில் உட்கார்ந்தார்.

"அப்ப உள்ள யாருடா படம் பாத்தது?"

"எனக்கென்ன தெரியும்? நீ முன்வாசல்ல ஓடியிருக்க, அம்மா பின்வாசல்ல ஓடியிருக்காங்க. அந்த ரூம்ல நீங்க ரெண்டு பேருமே இல்ல. யாருக்காக ஓடினீங்க?"

ஊரில் எங்களுக்கு அது தெரியுமா என்றால், தெரியும். ஆளுக்கொரு கதவு வழியாக ஓடுவதை எத்தனையோ சனிக்கிழமை பார்த்திருக்கிறோம். ஆனால் இப்படிப்பட்ட மரியாதையை யாராவது போய்த் தொட்டுக் காட்டுவார்களா?

"புளுகிட்டேன்னு கோவமா அக்காவுக்கு?" என்று கேட்டார் கிலிஃபி.

"அத நான் கேக்கல. நீயே பாத்துக்க. மதியம் சிதாலெகி வீட்டுக்கு வா. கேசட்ட நெயாஃபு போய் நானே எடுத்துட்டு வந்துட்டேன். டீசலும். மொதல்லேருந்து போடச் சொல்லியிருக்கேன். சிதாலெகி அழுவுறான், மெஷின் தேஞ்சிடுமாம்."

சேம்பை விழுங்கிவிட்டுத் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கொடியில் மாட்டினான். மருமகன் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்து எங்கள் ஊரில் அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

அன்று மதியம் ஊரே சிதாலெகி வீட்டில். வனிலாப் பூக்கள் பாதி கல்யாணமாகாமல் வாடின. முதல் தடவையாக ஒரு படத்தின் ஆரம்பத்தைப் பார்த்தோம். இரண்டு சின்னப் பிள்ளைகள், எரிகிற ஊர், அக்கா கையிலிருந்து தம்பி கை நழுவுகிறது. சிலியா தன் வலது ஓரத்தில் இருந்தார். கிலிஃபி வாசலோரம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ரயில் நிலையம் வந்தது. புகை வந்தது. பெட்டி விழுந்தது. பழக்கதோஷத்தில் சிதாலெகி தொப்பியைத் தூக்கினான்.

"எடுடா அத!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல். சிலியாதான்.

கிலிஃபிக்குக் கால் துடித்தது, நாங்கள் பார்த்தோம். கதவு நிலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எழுந்திருக்கவில்லை. அடுப்படிக் கதவும் திறக்கவில்லை. திரையில் அந்த இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த ஊரில் அப்படித்தான் போலிருக்கிறது, என்ன செய்வது. இங்கே முன்னால் ஒரு தோள் குலுங்கியது, பின்னால் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். இரண்டுக்கும் நடுவில் நாங்கள் நாற்பது பேர் கோரை எண்ணிக்கொண்டிருந்தோம். படத்துக்காக இல்லை.

அன்றைக்குக் காவா வீட்டில் கிலிஃபியிடம் தீர்ப்புக் கேட்டார்கள். கொட்டாங்குச்சியைக் காலி பண்ணிக் கீழே வைத்தார். "நல்ல படம்" என்றார். அவ்வளவுதான். பிறகு வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொஞ்சம் குரலை உயர்த்தி, "ஆனா கடைசி வரைக்கும் ஒரு கூடை சாப்பாடு கொண்டாரல பாரு" என்றார்.

வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் நெயாஃபு துறையில் கப்பல் நின்றது. கிலிஃபி கூடையோடு வந்தார். ஒன்று இல்லை, ஏழு கூடை. சுட்ட பன்றி, வள்ளிக்கிழங்கு, தேங்காய்ப்பால் ஊற்றிய சேம்பிலை, பக்குவம் பண்ணின வனிலா ஒரு கட்டு. கப்பல்காரன் தலையில் அடித்துக்கொண்டான். அக்கா நெய்த அந்தக் கல்யாணப் பாயைக் கிலிஃபி இடுப்பில் கட்டியிருந்தார். கூடைகளை அக்காவின் காலடியில் வைத்துவிட்டு நாலடி தள்ளிப்போய், தரையைப் பார்த்து நின்றார். ரயில் நிலையத்தில் நடந்த மாதிரி இங்கே யாரும் ஓடவில்லை.

சங்கு ஊதியது. சிலியா பலகைமேல் ஒரு கால் வைத்தவர், திரும்பினார்.

"தம்பி."

"சொல்லுங்கக்கா."

"அந்தப் பியானோக்காரிக்குக் கண்ணு தெரிஞ்சுதுதானே?"

பெனிசோனி அந்தப் படத்தையும் பார்த்தவன். வாயைத் திறந்தான். அம்மா அவனைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

கிலிஃபி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தார்.

"தெரிஞ்சுதுக்கா. நல்லாத் தெரிஞ்சுது."

"அதான் எனக்கும் வேணும்" என்று சொல்லிவிட்டு சிலியா கப்பலேறினார்.